விவரம் சொல்லத் தெரியாதவர்

அந்தத் திங்கட்கிழமை காலை வகுப்பில் டாக்டர் கொனாடு திரையில் போட்டுக் காட்டிய பட்டியலில் பெயர்கள் இல்லை. இருபத்துமூன்று எண்கள் மட்டும் இருந்தன. எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் தாளில் கையெழுத்துப் போடும் டாக்டர்கள், நர்சுகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு எண். யாருக்கு எது என்ற விவரம் பதிவறையில் ஓர் உறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. பட்டியலின் உச்சியில் பதினேழு இருந்தது.

பார்த்த மாத்திரத்திலேயே அது நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

என் பெயர் பொமா. குமாசி நகரத்தில் இந்த ஆஸ்பத்திரியின் வாசல் மேசையில் பதினாறு வருடங்களாக இருக்கிறேன். உள்ளே வருகிறவர்களை முதலில் பார்ப்பது நான். நாடி பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, என்ன ஏது என்று இரண்டு கேள்வி கேட்டு, மணிக்கட்டில் ஒரு வண்ணப் பட்டை கட்டுவேன். சிவப்பு என்றால் அந்த நிமிடமே உள்ளே போகும். ஆரஞ்சு பத்து நிமிடத்தில். மஞ்சள் காத்திருக்கலாம். பச்சை என்றால், நேரமாகும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தால் நல்லது.

டாக்டர் கொனாடு எட்டு மாதத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியத்தைத் தேடி, அதை அதிகம் எழுதியவரின் எண்ணை மேலே போட்டிருந்தார். டாக்டர்களும் நாங்களும் காலம் காலமாக எழுதுகிற வாக்கியம் அது: "விவரம் சொல்லத் தெரியாதவர்." நோயாளி சொல்வது கோர்வையாக இல்லை, அதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது என்று அர்த்தம். எங்கள் ட்வி மொழி பேசுகிறவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் தாளில் அந்த வாக்கியம் இருந்தது. வடக்கிலிருந்து வந்து சந்தையில் சுமை தூக்கும் பெண்கள், கட்டட வேலைக்காரர்கள் என்று ட்வி தெரியாதவர்களில் நூற்றுக்குப் பத்தொன்பது. அந்த வாக்கியம் எழுதப்பட்டவர்கள், அதே நிறப் பட்டை கட்டிய மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மணி நேரம் அதிகமாகக் காத்திருந்தார்கள்.

"இதுல யாரையும் திட்டறதுக்கு எதுவும் இல்ல," என்றார் டாக்டர். குரல் ஒரு மாதிரி வறண்டிருந்தது. "வெள்ளிக்கிழமை வகுப்புல இத வச்சு என்ன செய்யலாம்னு பேசுவோம். எல்லாரும் வரணும்."

அவருக்கு முப்பத்தெட்டு வயது. நிதானமான பெண்மணி. ரத்தம் பீறிட்டு வருகிற ஆளின் பக்கத்திலும் கை நடுங்காமல் நின்று பார்த்திருக்கிறேன். அன்று பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஜூனியர் டாக்டர் எலிகெம் என் பக்கத்தில் வந்து நடந்தான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

"ஆன்ட்டி, பதினேழு யாருன்னு நினைக்கிறீங்க?"

"உனக்கு வேலை இல்லையா?"

"நான் இல்லப்பா. நான் வந்தே ஆறு மாசம்தான் ஆகுது, அவ்வளவு பாவம் பண்ண நேரம் கிடைக்கல."

நான் சிரிக்கவில்லை. மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். வெளியே பாலைக்காற்றுத் தூசி சூரியனையே வெளிறடித்திருந்தது. அன்று வந்த ஒவ்வொருவரிடமும் தேவைக்கு அதிகமாகக் கேள்வி கேட்டேன். மத்தியானத்துக்குள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. அன்று மட்டும் என்றில்லை, பதினாறு வருடங்களில் என் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒருநாள் ஒருத்தி தரையில் உருண்டு புரண்டபோது, பக்கத்து நர்சிடம், "இவங்க எல்லாத்துக்கும் இப்படித்தான் உருளுவாங்க," என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அன்று தோன்றவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிகிற நேரத்தில் டாக்டர் கொனாடு என் மேசைக்கு வந்தார். கையில் செப்டம்பர் மாதப் பதிவேடு.

"சிஸ்டர், இது உங்க கையெழுத்துதானே?"

பார்த்தேன். மேமுனாத்து. பெண். இருபத்திரண்டு. முகவரி: கெஜெத்தியா சந்தை. வயிற்று வலி. நாடி தொண்ணூற்றெட்டு. மஞ்சள். காலை ஒன்பது பத்து. கடைசிக் கட்டத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: பிற்பகல் இரண்டரைக்கு அழைத்தபோது ஆள் இல்லை.

"என் கையெழுத்துதான்."

"அந்தப் பொண்ணு ஞாபகம் இருக்கா?"

"கொஞ்சம்." பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினேன். "ஏன் டாக்டர்?"

"அவளத் தேடணும். நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? என்கூட வர்றீங்களா?"

"ஆராய்ச்சியில ஆளத் தேடிப் போகக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நெறிமுறைக் குழுவுல கேட்டுட்டேன். ஆராய்ச்சிக்காரியா போகக்கூடாது. பாதியில போயிட்ட நோயாளிய ஆஸ்பத்திரி தேடிப் போறதுக்குத் தடை இல்லைன்னாங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பதினேழை அவர் கண்டுபிடித்துவிட்டார். நேரே சொல்ல மனமில்லாமல், நான் செய்ததை நானே போய்ப் பார்க்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போகிறார். அன்று வீட்டில் என் கணவர் இரண்டு தடவை கேட்டார், என்ன ஆச்சு உனக்கு என்று. தலைவலி என்றேன்.

புதன்கிழமை காலை ட்ரோட்ரோ என்கிற ஷேர் வேனில் போனோம். சந்தையில் லாரிகள் சரக்கு இறக்கும் பக்கம்தான் சுமைப் பெண்கள் இருப்பார்கள். அகலமான அலுமினியப் பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டும், அதிலேயே குழந்தையைப் படுக்க வைத்துக்கொண்டும் நிற்பார்கள். டாக்டர் கொனாடு நான்கு பேரிடம் ட்வியில் கேட்டார். நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டு விலகினார்கள். ஐந்தாவது பெண் எதுவும் சொல்லாமல் ஒரு குடையைக் கை காட்டினாள்.

குடையின் கீழே ஒரு பெண்மணி கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். இந்தப் பெண்களுக்குத் தலைவி. அவர்கள் சொல்லில் மகாஜியா. பெயர் அஸாரா. எங்கள் மொழியை எங்களைவிட நன்றாகப் பேசினார்.

"ஆஸ்பத்திரியா? எங்கள ஆஸ்பத்திரி தேடி வருதா? உக்காருங்க மேடம், உக்காருங்க. மழை வரப்போவுது போல."

டாக்டர் விஷயத்தைச் சொன்னார்.

"மேமுனாத்துவா? எந்த மேமுனாத்து? என்கிட்ட பதினோரு பேர் இருக்காங்க."

"செப்டம்பர்ல வயித்து வலின்னு வந்தவங்க."

"சுமை தூக்குறவளுக்கு வயித்து வலி வராத மாசம் எது? ஆளு எப்படி இருப்பா? உயரமா, குட்டையா? கன்னத்துல கீறல் இருக்கா? எந்த ஊர்க்காரி?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அஸாரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடலைத் தோலை ஊதினார்.

"நல்லா இருக்கு. தலையில மூட்டைய ஏத்துறப்ப மட்டும் உங்க ஆளுங்களுக்கு எங்க பாஷை கையாலயே புரிஞ்சுடுது. படுத்துட்டா மூஞ்சிகூட ஞாபகம் இல்ல."

எனக்கு முகம் சுட்டது. ஞாபகத்தைப் போட்டுக் கசக்கினேன். பெஞ்சு. கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து பெஞ்சு. அவள் முனகல் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று நான்தான் அங்கே மாற்றி உட்கார வைத்தேன். அவளுக்குத் தெரிந்த ட்வி ஒரே சொல். வயிறு. "வயிறு, வயிறு" என்பாள். பிறகு அவள் மொழியில் கடகடவென்று எதையோ சொல்லிக்கொண்டே போவாள்.

"தோளத் தடவிக்கிட்டே இருந்தா," என்றேன்.

டாக்டர் கொனாடு சட்டென்று திரும்பினார். "என்னது?"

"வலது தோள். இப்படி. தடவிக்கிட்டே இருந்தா."

"வயிறு வலிக்குதுன்னு வந்தவ தோளத் தடவுனாளா?"

"சுமை தூக்குற பொண்ணு டாக்டர். தோள் வலிக்காதா?"

அவர் பக்கத்தில் கிடந்த மூட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தார். நானும் நர்ஸ்தான். இரண்டு நொடி பிந்தி எனக்கும் உறைத்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து தேங்கினால் அது மேலே உதரவிதானத்தை உறுத்தும், வலி தோளில் தெரியும். சின்ன வயதுப் பெண், வயிற்று வலி, தோளில் வலி. கரு, கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கிக் குழாய் கிழிந்திருக்கும். இரண்டாம் வருடப் பாடம். அதைக் கண்ணால் பார்த்தும் மணிக்கணக்காகக் கழிப்பறை வாசலில் உட்கார வைத்திருக்கிறேன்.

"மகாஜியா," என்றார் டாக்டர், "அந்த மாசம் இங்க யாராவது… யாராவது பொண்ணு இறந்துபோனாங்களா?"

அஸாரா கடலையைக் கீழே வைத்தார்.

"ஒருத்தி போனா. மேமுனாத்துதான். வாலேவாலே ஊர்க்காரி. மழை நாள்ல."

ஒரு லாரி பின்னோக்கி வந்தது. "வழி, வழி" என்று கத்திக்கொண்டு பெண்கள் ஓடினார்கள்.

"எதுல போனாங்க?" டாக்டரின் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஜுரம். பத்து நாளு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னுட்டா." பிறகு, ஏதோ நினைவு வந்தவராக நெற்றியைச் சுருக்கினார். "வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்ட மேமுனாத்து வேற ஒருத்தி இருக்கா. சவெலுகுக்காரி. அதுக்கப்புறம் சுமை தூக்க முடியல அவளால. வாச்சே சோத்துக்கடையில தட்டு கழுவுறா. வாங்க."

அந்தக் கடைக்குப் போக ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். கூட்டத்தில் அஸாராவின் தலைத்துணியை விடாமல் பார்த்துக்கொண்டே நடந்தேன். வேறு ஆளாக இருந்தால் நான் தப்பித்தேன் என்று ஒரு நினைப்பு. அவளாகவே இருந்தால் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு நினைப்பு. எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

கடையின் பின்னால் மூன்று சோப்பு நீர்ப் பேசின்களுக்கு நடுவில் மெலிந்த பெண் ஒருத்தி குந்தியிருந்தாள். அஸாரா டக்பானி மொழியில் ஏதோ சொன்னார். அவள் நிமிர்ந்தாள். டாக்டரைப் பார்த்தாள், முகத்தில் எதுவும் இல்லை. என்னைப் பார்த்தாள். ஈரக் கையை நீட்டினாள்.

"உங்களத் தெரியுமாம்," என்றார் அஸாரா. "பெஞ்சக் காட்டுனவங்க நீங்கதானாம்."

"டாக்டரத் தெரியுதான்னு கேளுங்க," என்றார் கொனாடு.

அஸாரா கேட்டார். அவள் தலையசைத்தாள்.

"இல்லையாம். டாக்டர் யாரும் வரவே இல்லைங்குறா. வெள்ளைச் சட்டை ஒண்ணு கிட்ட வந்து நின்னுச்சாம். பேனாவ எடுத்துச்சாம், போயிடுச்சாம்."

டாக்டர் கொனாடு அவள் எதிரில் அந்த ஈரத் தரையிலேயே குந்தினார். மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டார். அஸாரா மொழிபெயர்த்துச் சொன்னார். இரண்டு தோழிகள் அவளை ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். வடக்குச் சாலையில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் டக்பானிக்காரி. அவள் துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடிப்போய் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அரை மணியில் அறுத்துவிட்டார்கள். நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்களாம்.

"வயித்துல ரெண்டு குழாய் இருந்துச்சாம், ஒண்ணு போச்சாம்," என்றார் அஸாரா. "எல்லாத்தையும் சொன்னேன்குறா. உங்க கிட்ட ஒண்ணு விடாம சொன்னேன்குறா."

மேமுனாத்து அழவில்லை. தட்டை அலசி வைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

டாக்டர் மன்னிப்புக் கேட்டார். அஸாரா அதையும் மொழிபெயர்த்தார். அவள் ஏதோ இரண்டு சொல் சொன்னாள். அதை அஸாரா மொழிபெயர்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிறகு டாக்டர், "வெள்ளிக்கிழமை எங்க டாக்டர்ங்க எல்லாருக்கும் ஒரு வகுப்பு இருக்கு. அன்னைக்குச் சொன்னத அங்க வந்து சொல்ல முடியுமான்னு கேளுங்க. விருப்பம் இல்லைன்னா வேண்டாம். வந்தாலும் வராட்டியும், அவங்க வயித்த நல்ல டாக்டர் ஒருத்தர் திரும்பப் பார்க்க நான் ஏற்பாடு பண்றேன்," என்றார்.

அவர்கள் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டார்கள். கடைக்காரி நடுவில் வந்து கத்திவிட்டுப் போனாள்.

"வருவாளாம்," என்றார் அஸாரா கடைசியில். "ஆனா அவ பாஷையிலதான் பேசுவாளாம். நடுவுல யாரும் மெதுவா, மெதுவான்னு சொல்லக்கூடாதாம்."

திரும்பும்போது டாக்டர் டாக்ஸி பிடித்தார். பின் சீட்டில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். சுவாமே ரவுண்டானாவில் வண்டி நின்றுவிட்டது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"டாக்டர், வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் கேக்குறதுக்கு முன்னால எங்கிட்ட சொல்லிடுங்க. பதினேழு நான்தானே?"

அவர் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார் என்று நினைக்கிறேன்.

"அதையா நினைச்சுக்கிட்டு இருந்தீங்க? இல்ல சிஸ்டர். நான்."

"என்ன?"

"பதினேழு நான். உறையத் திறக்கல. திறக்கத் தேவையே இல்லாமப் போச்சு. தாள்ல எழுதியிருந்தது அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தியிருந்தாங்க. 'வயிறு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். விவரம் சொல்லத் தெரியாதவர்.' எண் பதினேழு. அது என் வாக்கியம். படிச்ச உடனே தெரிஞ்சுது. அதே எண்ல இன்னும் நாப்பத்தோரு பேரு. எல்லாமே நான் எழுதுனது." கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். "இந்த ஆராய்ச்சிய ஆரம்பிச்சப்ப, இதெல்லாம் மத்தவங்க பண்றதுன்னு நினைச்சேன்."

"அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"எனக்கு அவ மூஞ்சி ஞாபகம் இல்ல. உங்களுக்காவது இருக்கும்னுதான்."

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்தப் பெஞ்சு என்னுடையதாகவே இருந்தது.

வியாழக்கிழமை பேராசிரியர் போவாடி, எங்கள் துறைத் தலைவர், டாக்டரை அறைக்குக் கூப்பிட்டார். கதவு முழுதாகச் சாத்தவில்லை. மருந்துக் குறிப்பு வாங்குவதற்காக நான் வெளியே நின்றிருந்தேன்.

"கொனாடு, எண்ணுக்குப் பின்னால ஆள் வேண்டாம்னு நாமதான் விதி போட்டோம். நீயே போய் நான்தான்னு சொன்னா நாளைக்கு விசாரணைக் குழு வரும். உன் ஆராய்ச்சிய எந்தப் பத்திரிகை போடும்? தன் தப்பத் தானே எண்ணுனவள்னு சொல்லுவாங்க."

"தெரியும் சார்."

"எண்ண மட்டும் காட்டு. பாடத்தச் சொல்லு. அது போதும்."

டாக்டர் வெளியே வந்தபோது நான் நிற்பதைப் பார்த்தார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்றுதான் பட்டது.

வெள்ளிக்கிழமை வகுப்பு எட்டு மணிக்கு. அறை நிறைந்துவிட்டது. பேராசிரியர் முன் வரிசையில். எலிகெம் ஜன்னல் ஓரம். எட்டு ஐந்து ஆனது. எட்டுப் பத்து. மேமுனாத்து வரவில்லை. டாக்டர் கொனாடு கடிகாரத்தையும் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பெரிய விபத்து ஒன்று வந்தாலே பாதி அறை காலியாகிவிடும்.

நான் எழுந்து வெளியே ஓடினேன். பெரிய கேட்டில், காவலாளியின் சாவடிக்கு வெளியே, அஸாராவும் மேமுனாத்துவும் நின்றிருந்தார்கள். மேமுனாத்து வெளிர்நீலத் துணி உடுத்தி, முகத்துக்கு எண்ணெய் தடவி வந்திருந்தாள். திரும்பிப் போகிறவள் மாதிரி பாதி திரும்பி நின்றிருந்தாள்.

"முக்கா மணி நேரமா நிக்கிறோம்," என்றார் அஸாரா. "பாக்க வர்ற நேரம் நாலு மணிக்குதானாம். டாக்டர்ங்களுக்குப் பாடம் எடுக்க வந்தோம்னு சொன்னேன். அதுக்குச் சிரிக்கிறான்."

"சிஸ்டர், சீட்டு இல்லாம எப்படி விடறது?" என்றான் காவலாளி.

"சீட்டு நான்தான்," என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. என் கை அதைவிடச் சில்லென்று இருந்திருக்கும்.

அறைக்குள் வந்ததும் டாக்டர் கொனாடு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார். எல்லோருக்கும் நாங்கள் தினமும் எழுதுகிற அதே தாளைக் கொடுத்தார்.

"இவங்க உங்க நோயாளி. தன் கதையச் சொல்லுவாங்க. மொழிபெயர்ப்பு கிடையாது. கேட்டு எழுதுங்க. பட்டை என்ன நிறம்னும் எழுதுங்க."

மேமுனாத்து தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதலில் குரல் வரவில்லை. பிறகு வந்தது. நான்கு நிமிடம் பேசினாள். நடுவே விரலை மடக்கி எதையோ எண்ணினாள். கையைக் கண் முன்னால் கொண்டுவந்து விரித்து இறக்கினாள். தோளைத் தொட்டாள். கடைசி வரிசையில் நர்சிங் மாணவி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அறையில் டக்பானி தெரிந்தவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. மற்றவர்கள் பேனாவோடு விழித்துக்கொண்டிருந்தார்கள். எலிகெம் தாளில் "வயிறு?" என்று எழுதியிருந்தான். பேராசிரியர் "வயிற்று வலி, பதற்றம்" என்று எழுதி மஞ்சள் என்று போட்டிருந்தார்.

டாக்டர் இப்போது அஸாராவைப் பார்த்தார். அஸாரா எழுந்து நின்று சொன்னார்.

"எனக்கு ரெண்டு மாசமா தூரம் வரல. மூணு நாள் முன்னால கொஞ்சமா கறுத்த ரத்தம் பட்டுச்சு. இன்னைக்கு விடிகாலைல கீழ்வயித்துல வலது பக்கம் கத்தி செருகுன மாதிரி ஒரு வலி. அப்புறம் வயிறு பூரா பரவுச்சு. குளிக்கிற எடத்துல எழுந்தேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்து விழுந்துட்டேன். இப்பவும் எழுந்தா இருட்டுது. தோளு வலிக்குது. சுமையால வர்ற வலி எனக்குத் தெரியும். இது அது இல்ல."

மூன்றாவது வாக்கியத்திலேயே பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பரீட்சைத் தாள்லகூட இவ்வளவு தெளிவா எழுதமாட்டாங்க," என்றான் எலிகெம், தன்னையறியாமல். அவன் முகத்தில் அன்றுதான் விளையாட்டு இல்லாமல் பார்த்தேன்.

டாக்டர் கொனாடு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பேராசிரியர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பது போல.

"செப்டம்பர்ல இவங்க இங்க வந்து இதையேதான் சொன்னாங்க," என்றார் கொனாடு. "ஒரு நிமிஷம்கூட நிக்காம, விவரம் சொல்லத் தெரியாதவர்னு எழுதுனது நான். பட்டியல்ல பதினேழாம் எண் நான்."

எங்கோ ஒரு மானிட்டர் கூவியது. நான் எழுந்திருக்க வேண்டும் என்று முடிவு எதுவும் எடுக்கவில்லை. எழுந்து நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

"மஞ்சப் பட்டை கட்டுனது நான்," என்றேன். "கழிப்பறைப் பெஞ்சுக்கு மாத்துனதும் நான். அவங்க தோளத் தடவுனதப் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல."

அஸாரா அதை மேமுனாத்துவுக்குச் சொன்னார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அறையில் இருந்த மற்றவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். இன்னும் யார் யார் எழுந்திருக்கப் போகிறீர்கள் என்று கேட்பது போல இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

பேராசிரியர் சொன்னது எல்லாம் நடந்தது. விசாரணைக் குழு வந்தது. டாக்டர் கொனாடு மூன்று வாரம் நோயாளிகளைப் பார்க்காமல் வீட்டில் இருந்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவர் ஆராய்ச்சியை முதல் பத்திரிகை திருப்பி அனுப்பியது. இரண்டாவது பத்திரிகை, எழுதியவரே எண்ணப்பட்டவர்களில் ஒருவர் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டது. கடைசியில் தாளும் மாறியது. அந்த வாக்கியத்தை இனி யாரும் எழுதக்கூடாது. பதிலுக்கு இரண்டு கட்டம்: என்ன மொழி, யார் மொழிபெயர்த்தார். அவை நிரம்பாமல் மஞ்சளோ பச்சையோ கட்டக்கூடாது. என் மேசையில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. அஸாராவின் ஆட்கள் ஆறு பேர், அந்த நர்சிங் மாணவி, சமையல்கட்டில் ஒருவர் என்று போன் எண்கள். அரை வருடம் கழித்து டாக்டர் திரும்ப எண்ணினார். ட்வி தெரியாதவர்களுக்கு அந்த மூன்று மணி நேர வித்தியாசம் ஐம்பது நிமிடமாகியிருந்தது. இன்னும் ஐம்பது நிமிடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

மேமுனாத்து புதிதாக வந்த ஜூனியர்களுக்காக இன்னொரு தடவை வந்து பேசினாள். மூன்றாம் முறை கேட்டபோது அஸாரா மூலம் சொல்லி அனுப்பினாள்: "என் வயித்த எத்தன பேருக்குக் காட்டுறது? அவங்களே ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லிக்கட்டும்." டாக்டர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவள் சவெலுகுவுக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்வி. என்னிடம் அவள் நேராக ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

என் எண் என்ன என்று டாக்டரிடம் கேட்டேன். கேட்டால் அவரவர் எண்ணை மட்டும் சொல்லலாம் என்று குழு அனுமதித்திருந்தது. எட்டு. பட்டியலில் நான்காவது.

போன வாரம் வயதான ஃபுலானி மாட்டுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தார். என் பட்டியலில் யாருக்கும் அவர் மொழி தெரியவில்லை. அஸாராவுக்குப் போன் அடித்தேன், அவர் யாரையோ பிடித்துத் தருவதாகச் சொன்னார். ஆள் கிடைக்க நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் வரிசை நீண்டு, திட்டு வாங்கினேன். சொல்வது புரியாதவருக்கு மஞ்சள் கட்டத் துணிவில்லாமல், ஆரஞ்சு கட்டி உள்ளே படுக்க வைத்திருந்தேன்.

சிறுநீரகக் கல். மஞ்சளே போதும்.

"ஆன்ட்டி, இப்படி எல்லாருக்கும் ஆரஞ்சு கட்டுனா நிஜ ஆரஞ்ச எங்க படுக்க வைக்கிறது?" என்று எலிகெம் சலித்துக்கொண்டான். அவன் கேட்டது நியாயம்தான். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.